பத்துக்குப் பத்து வாங்கிய சொல்

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் ஜொகூர் பாருவுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் முடிந்தன. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில், அதுவரை புதிதாகக் கற்ற மலாய்ச் சொற்களை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். முதல் ஆண்டு நூற்றுப் பதினான்கு சொற்கள். போன ஆண்டு ஒன்பது. இந்த ஆண்டு அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அதுவும் தமிழ்ச் சொல். மதுரையில் பிறந்து பேசத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்த சொல். அதற்குப் பக்கத்தில் மணியையும் குறித்திருக்கிறேன்: காலை 5.02.

அந்தச் சொல் 'போறேன்'.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வாரமாக எனக்குப் பரபரப்பு அடங்கவில்லை. ஊரில் இருப்பவர்களில் யாராவது ஒருவரிடமாவது இதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தெப்ராவ் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. கீழே டயர் கடை. எட்டு வயதிலிருந்து இருபது வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பதற்றத்துக்கும், ஓசிடி என்று எல்லோரும் சொல்லும் எண்ணச் சுழற்சிக்கும் சிகிச்சை தருகிறேன். மருந்து கொடுப்பதில்லை, பேச்சும் பயிற்சியும்தான். பேனாக்களை வரிசையாக அடுக்குகிறவர்கள் எல்லாம் தங்களுக்கு ஓசிடி என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்கிறார்கள். என் மகள் மதுமிதாவும் என் டைரியைப் பார்த்துவிட்டு, "முதல்ல உன்னத்தான்மா பாக்கணும்" என்பாள். நான் மணி குறிப்பது எனக்குப் பிடித்திருப்பதால். குறிக்காவிட்டால் யாராவது செத்துப்போவார்கள் என்று நினைத்துக் குறிப்பவர்தான் நோயாளி. இந்த வேறுபாட்டை வாரத்துக்கு நான்கு முறையாவது யாருக்காவது விளக்குகிறேன்.

இதில் வரும் குடும்பத்தின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்தபின் அவர்களுக்கு வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினேன். லோஷினி என்ற பெயரை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுத்தாள். தன் வகுப்பில் ஏற்கெனவே மூன்று லோஷினிகள் இருப்பதால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவள் கணக்கு.

2

லோஷினிக்குப் பதிமூன்று வயது. அப்பா குணசேகரன் சிம்பாங் ரெங்கம் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது தெப்ராவில் அடுக்குமாடி வீடு, சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. ஜொகூர்வாசிகளில் ஏராளமானவர்களைப் போல நாள்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து போய், இருட்டியபின் திரும்புகிறவர். அம்மா புவனேஸ்வரி ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்க்கிறார்.

முதல் சந்திப்பில் அப்பாதான் பேசினார். என்னை டாக்டர் என்றார். நான் டாக்டர் இல்லை என்று திருத்தினேன். "எங்களுக்கு டாக்டருதான்லா" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நம் வீடுகளில் வெளியே கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். போவதோடு திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இங்கே நான்காம் தலைமுறைத் தமிழர் வீடுகளிலும் அதே வழக்கம் அப்படியே இருக்கிறது. போன ஆண்டு ஒரு நாள் காலையில் குணசேகரன் அவசரத்தில் "போறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பாலத்தின் மீது அவருக்கு முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மோதிக்கொண்டன. இவருக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைக் கதையாகச் சொன்னார். லோஷினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அப்பா ஒழுங்காக 'போயிட்டு வரேன்' என்று சொல்கிறாரா என்று பார்க்க அவளே எழுந்து வந்தாள். அவர் சொன்னதும் இவள் 'வாங்க' என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு அவர் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாயிற்று. பிறகு இரண்டு முறை. பிறகு ஏழு முறை. நடுவில் வேறு மோட்டார் சத்தம் கேட்டால், யாராவது தும்மினால், அம்மா பாத்திரத்தை உருட்டினால், முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்னிடம் வந்தபோது அந்த வழியனுப்பல் சராசரியாக இருபத்தொரு நிமிடம் எடுத்தது. ஒரு வாரம் மணி பார்த்துக் குறிக்கச் சொன்னதால் தெரியும்.

விடியற்காலைப் பாலத்தில் இருபத்தொரு நிமிடம் என்பது சாதாரணமல்ல. ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர் எல்லையில் உள்ள குடிநுழைவுச் சாவடியை எளிதாகத் தாண்டிவிடுவார். ஐந்து இருபதுக்குக் கிளம்புகிறவருக்கு முன்னால் ஒரு வண்டிக் கடலே நிற்கும். குணசேகரனுக்குத் தாமதத்துக்காக இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்திருந்தன. மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

"பேசாம வேலய விட்டுர்றேன் டாக்டர்," என்றார். "இங்கயே தெப்ராவ்ல பேக்டரி இருக்கு. சம்பளம் பாதிதான். ஆனா பிள்ள நிம்மதியா தூங்கும்ல?"

"நீங்க வேலைய விட்டா பயத்துக்குத்தான் பதவி உயர்வு கிடைக்கும். நாளைக்கு அது தெப்ராவுக்கும் வரும்," என்றேன்.

அதுவரை மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்த லோஷினி அப்போதுதான் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'இந்த அம்மாவுக்கு அதைத் தெரிந்திருக்கிறது' என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அது. அன்று டைரியில் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டேன்.

3

சிறுவர்களிடம் நோய்க்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வேன். அப்போதுதான் அது வேறு, தாங்கள் வேறு என்று பார்க்க முடியும். லோஷினி இரண்டு நிமிடம் யோசித்து, 'மறுபடி மாமா' என்றாள். எப்போதும் மறுபடி, மறுபடி என்று சொல்லிக்கொண்டே இருப்பதால். அம்மா புவனா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு இதைப் பற்றி யாரோ சிரித்தது அன்றுதான் என்று பிற்பாடு சொன்னார்.

பிறகு ஏணி போட்டோம். எந்தச் செயலுக்கு எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் கொடுத்து, சின்னதிலிருந்து பெரியதற்கு ஏறுவது. பயப்படும் காரியத்தை வேண்டுமென்றே செய்துவிட்டு, மறுபடி மாமா கேட்கும் பரிகாரத்தைச் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் பயம் ஏறி, நின்று, தானாகவே இறங்கும். கேட்க எளிது. செய்கிறவர்களுக்கு மலை.

ஏழு முறைக்குப் பதில் ஒரு முறை சொல்வதற்கு ஆறு மதிப்பெண். 'போறேன்' என்று தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கு நான்கு. அம்மா பாசாருக்குக் காய் வாங்கக் கிளம்பும்போது அப்படிச் சொல்வதற்கு ஏழு. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது 'போறேன்' என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் போவதற்குப் பத்து. "பத்துக்கு மேல இருக்கா ஆண்ட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பத்தைச் சுற்றி மூன்று வட்டம் போட்டாள்.

அதே வாரம் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பதினோரு ஆண்டுகளாகப் போகிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தாளின் நகல் குறையும். இந்த முறை குறையவில்லை. அந்தப் பெருமையில் உட்கார்ந்திருந்தபோது அதிகாரி அம்மா என்னைப் பார்த்து, "பிலா பாலேக்?" என்று கேட்டார். எப்போது திரும்புகிறீர்கள் என்று அர்த்தம். நான் மணியைப் பார்த்துவிட்டு, உங்கள் கவுண்ட்டரில் வேலை முடிந்ததும் வீட்டுக்குத்தான் என்று மலாயில் பதில் சொன்னேன். அவர் கேட்டது இந்தியாவுக்கு எப்போது என்று. இருவரும் சிரித்தோம். வீட்டுக்குப் போவது, ஊருக்குத் திரும்புவது, எல்லாவற்றுக்கும் மலாயில் 'பாலேக்' ஒன்றே போதும்.

அதை லோஷினியிடம் கதையாகச் சொன்னபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. அப்பா மலாயில் "ஜாலான் டுலு" என்று சொல்லிவிட்டுப் போனால் எத்தனை மதிப்பெண்? 'கிளம்புகிறேன்' என்றுதான் பொருள். வருவதைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது.

"ஒண்ணு," என்றாள். "மலாய்ல சொன்னா ஒண்ணும் இல்லலா."

"இங்கிலீஷ்ல பாய்?"

"ரெண்டு. பாய் கொஞ்சம் நீட்டமா சொன்னா மூணு."

எனக்குக் கை பரபரத்தது. மூன்று மொழிகளில் வாழும் பிள்ளை. பள்ளியில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம், வீட்டில் மட்டும் தமிழ். தமிழ்ப் பரீட்சையில் அவள் வாங்குவது நாற்பதுக்குக் கீழே. ஆனால் பயப்படுவது முழுக்க முழுக்கத் தமிழில். நான் படித்த பாடங்கள் எதிலும் இது இல்லை. அன்று மாலை என் கணவருக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் தோசை இரண்டு கருகிவிட்டது.

4

ஏணியின் நடுப்படிகளில் ஒருநாள் நானே மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு நேர்மையாக இருக்காது.

ஒன்பதாவது சந்திப்பு. அன்றைய பயிற்சி, நான் 'போறேன்' என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்புவது. லோஷினி உள்ளே அம்மாவோடு உட்கார்ந்து பயத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். கதவின் பிடியில் கையை வைத்துக்கொண்டு, "லோஷினி, நான் போறேன்" என்றேன். கதவைச் சாத்தினேன். படிக்கட்டு முகப்பில் நின்று மணி பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே வந்தேன்.

அவள் தாளில் மதிப்பெண்ணே போடவில்லை. கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஆண்ட்டி, கதவுல கண்ணாடி இருக்கு," என்றாள். "வெளிய போயி வாய அசச்சீங்க. என்ன சொன்னீங்க?"

எனக்கே தெரிந்திருக்கவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் உதட்டில் அந்தச் சொல்லின் மிச்சம் இருந்தது. கதவைச் சாத்தியதும் எனக்குள்ளேயே 'வரேன்' என்று முடித்திருக்கிறேன்.

"வரேன்னு சொன்னேன்," என்றேன்.

"அலமாக்," என்று மலாயில் அதிசயித்தாள். "ஆண்ட்டி சீட்டிங்." அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "ஆண்ட்டிக்கும் மறுபடி மாமா சொந்தக்காரரும்மா" என்றாள்.

புவனா அவளை அதட்டப் போனார். நான் தடுத்தேன். எனக்கு எத்தனை மதிப்பெண் என்று லோஷினி கேட்டாள். உண்மையைச் சொன்னேன்: ஆறு. தனக்கு ஏழு என்றாள். பிறகு, இத்தனை நாள் நான் அவளுக்குக் கொடுத்துவந்த தாளை எடுத்து, எனக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தாள். தினமும் இரண்டு முறை, வீட்டில், 'போறேன்'. வாயை அசைக்கக் கூடாது.

மதுரையில் என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தார். ஒரு நாள் அம்மாவோடு ஏதோ கோபத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கொடிப் பெட்டியோடு இறங்கிப் போய்விட்டார். அம்மா என்னைத் தெருமுனை வரைக்கும் ஓடவிட்டு அவரைக் கூட்டிவரச் செய்தார். அவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிளம்பினார். அன்று வேலைக்குத் தாமதம். விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அந்த மெமோவை எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் சொல்லிச் சிரித்தோம். யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. நோயும் இல்லை. ஒரு முறை தண்ணீர் குடித்ததோடு அம்மாவின் மனம் அடங்கிவிட்டது. வழக்கம் ஒரு முறை கேட்டுவிட்டு அடங்கும். நோய் எத்தனை முறை கொடுத்தாலும் இன்னொன்று கேட்கும். புவனாவுக்கும் இதைத்தான் சொன்னேன். நல்ல சொல்லை ஒழிக்க நான் வரவில்லை. லோஷினி தேறியபின் வீட்டில் எல்லோரும் தாராளமாக ஒரு முறை 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

5

வீட்டுப்பாடத்தை மகளிடம்தான் செய்ய வேண்டியிருந்தது. மதுமிதாவுக்குப் பதினாறு வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். என்னிடம் தமிழில் தொடங்கி மலாயில் நடந்து ஆங்கிலத்தில் முடிப்பாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது "ஐ கோ ஃபர்ஸ்ட்மா" என்பாள். நல்ல மனநிலையில் இருந்தால் தமிழில் "போறேன்மா". நான் உடனே "போயிட்டு வரேன்னு சொல்லு" என்பேன். மின்தூக்கிக்குள் நுழைந்தவளைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்த நாட்கள் உண்டு. அவள் என் மொழியை விட்டு நழுவிப் போகிறாள் என்ற கவலையில்தான் திருத்துகிறேன் என்று நினைத்திருந்தேன். லோஷினியின் தாள் கையில் இருந்த வாரம்தான், நான் திருத்துவது இலக்கணத்தை அல்ல என்று புரிந்தது. "இன்னைக்கி நேரமாயிடுச்சு" என்பதை அவள் 'டைம் ஆயிடுச்சு' என்று சொன்னால் நான் ஒருபோதும் மின்தூக்கியை நிறுத்தியதில்லை.

முதல் நாள், நான் பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "மது, நான் போறேன்" என்றேன். தலையை நிமிர்த்தாமல் ரொட்டியைத் தின்றுகொண்டே, "ஓகேலா" என்றாள். கதவைச் சாத்திவிட்டு உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு மின்தூக்கி வரைக்கும் நடந்தேன். ஆறு. தரைத்தளத்தில் ஐந்து. நெடுஞ்சாலையில் ஏறும்போது இரண்டு. என் வாழ்க்கையில் முதல்முறையாக, பிள்ளைகளிடம் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வந்த அந்த இறக்கத்தை என் வயிற்றிலேயே உணர்ந்தேன். காரில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அடுத்த சந்திப்பில் லோஷினி என் தாளைத் திருத்தி, 'பாகுஸ்' என்று எழுதி, சிரிப்பு முகம் வரைந்து கொடுத்தாள். பாகுஸ் என்றால் நன்று. அது இப்போது என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது.

6

லோஷினி வேகமாக ஏறினாள். ஏழு முறை மூன்றானது, மூன்று ஒன்றானது. புவனா பாசாருக்கு 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போய்க் கீரையோடு திரும்பினார். கஷ்டப்பட்டது பெரியவர்கள்தான். எங்கள் முக்கியமான விதி, "ஒண்ணும் ஆகாது" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த ஆறுதல் மறுபடி மாமாவுக்குத் தீனி. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று அவள் கேட்டால், "தெரியாது" என்றுதான் பதில். உண்மையும் அதுதானே. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டதாகப் புவனா சொன்னார்.

மிச்சமிருந்தது மேல்படி மட்டும். அதை அடுத்த மாதத்துக்கு வைத்திருந்தேன். அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு மதியம் மூவரும் முன்னறிவிப்பின்றி என் அறைக்கு வந்தார்கள். குணசேகரன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். வேலையை விடுவதற்கான கடிதம்.

வழியனுப்பல் இப்போது நான்கு நிமிடமாகக் குறைந்திருந்தாலும், முந்தைய வாரம் இரண்டு நாட்கள் பழையபடி நீண்டிருக்கிறது. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, புதன்கிழமைக்குள் அவராக விலகிக்கொண்டால் மூன்றாவது கடிதம் இல்லாமல் கௌரவமாகப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். விலகாவிட்டால், அடுத்த தாமதத்தோடு வேலை முடிந்தது. புதன்கிழமை இதைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு விடுதலை இருந்தது. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

நான் பேசுமுன் லோஷினி பேசினாள்.

"அப்பா வேலய விட்டா யாரு ஜெயிச்சது, ஆண்ட்டி? நானா, மாமாவா?"

கடிதத்தை அப்பா பக்கமாகத் தள்ளினாள்.

"அப்ப செவ்வாய்க்கிழம பத்து செய்வோம். மேல்படி. செஞ்சிட்டா அப்பா லெட்டர் குடுக்க வேணாம்."

"முடியலன்னா?" என்றார் குணசேகரன்.

"முடியலன்னா குடுங்க. நா அழமாட்டேன்."

திட்டத்தில் இல்லாததை நான் செய்வதில்லை. என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு படியில் அவசரப்பட்டு ஏறித் தோற்றால் பிள்ளை ஏணியையே வெறுத்துவிடலாம். ஆனால் இது அவள் கேட்ட படி. நான் அவளுக்குப் போட்டுக் கொடுத்ததாக இருந்தால் மறுத்திருப்பேன். டைரியில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து, 4.35 என்று எழுதினேன்.

7

4.35க்கு அவர்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் இருந்தேன். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிக்கொண்டிருந்தன; எல்லாம் பாலத்துக்கு. லோஷினி பள்ளி டிராக்சூட்டில், தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு நின்றாள். பரீட்சைக்கு வந்தவள் போல இருந்தாள். மதிப்பெண் கேட்டேன். "பத்து," என்றாள். எனக்கும் பயம் என்று அவளிடம் சொன்னேன். "உங்களுக்கு எத்தன?" என்று கேட்டாள். எட்டு என்றேன். கொஞ்சம் திருப்தியானாள்.

ஒரு முறை மட்டும். அவள் பதில் சொல்லக் கூடாது. யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் பேசி வைத்திருந்தோம்.

குணசேகரன் ஹெல்மெட்டை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். முகமூடிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மகளைப் பார்த்தார்.

"போறேன்," என்றார்.

மணி 5.02. குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது. வண்டியை உதைத்தார். லோஷினி இரண்டு கைகளாலும் தன் சட்டை நுனியைப் பிடித்து முறுக்கினாள். அவள் உதடு 'வாங்க' என்பதற்கு வளைந்து, நின்றது. நான் பார்த்தேன். அப்படியே நிறுத்தினாள்.

வண்டி காவலாளியின் சாவடி வரைக்கும் போயிற்று. நாற்பது மீட்டர் இருக்கும். அங்கே பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பின்னால் வந்த மோட்டார்க்காரர் ஒருவர் சுற்றிக்கொண்டு போனார். பிறகு குணசேகரன் வண்டியைத் திருப்பினார்.

பிள்ளையைத் தயார் செய்தேன், அம்மாவைத் தயார் செய்தேன். அப்பாவை நான் தயார் செய்யவே இல்லை. ஓராண்டாக ஏழு ஏழு முறை சொன்ன வாய் அவருடையது. அது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

மகளுக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைத் தூக்கினார். கண்கள் நனைந்திருந்தன.

"ஒரே ஒரு தடவ சொல்லிக்கிறேம்மா," என்றார்.

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். லோஷினி என் பக்கம் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அப்பா, மாமா இப்ப உங்ககிட்ட வந்துட்டாரு."

"தெரியுதும்மா. ஒரே ஒரு..."

"வேணாம். போங்க."

நம் வீடுகளில் பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து இப்படிச் சொல்வதில்லை. 'போயிட்டு வாங்க' என்று சொல்லலாம். வெறும் 'போங்க' வாயில் வராது. ஏணியில் அந்தப் படியே இல்லை. நாங்கள் யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. புவனா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

"போங்கப்பா," என்றாள் இரண்டாம் முறை. அழுதுகொண்டுதான் சொன்னாள். "லேட் ஆகுது."

அவர் கண்ணாடியை இறக்கினார். இந்த முறை சாவடியில் நிற்கவில்லை. 5.06.

சிமெண்டுப் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். நான் மணி பார்த்துக்கொண்டே மதிப்பெண் கேட்டேன். 5.10க்குப் பத்து. 5.20க்கும் பத்து. ஒரு முறை "ஆண்ட்டி, அப்பா இப்ப..." என்று தொடங்கினாள். நான் "தெரியாது" என்று சொல்வதற்குள் அவளே தலையாட்டி, வாயை மூடிக்கொண்டாள். 5.31க்கு ஒன்பது. 5.44க்கு ஆறு. அந்த ஆறை நான் எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன். புவனா மேலே போய் மூன்று குவளை தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், கலந்துகொண்டு வந்தார். 5.58க்கு நான்கு. அதன்பின் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தேநீர்க் குவளை மடியில் சாய்ந்திருக்க, லோஷினி அம்மாவின் தோளில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதங்களில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி வராமல் அவள் கண்ணை மூடியதே இல்லை என்று புவனா எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

குவளையை மெல்ல எடுத்துக் கீழே வைத்தேன். எதிர்ப்புறக் கட்டடத்தின் மேல் வெளுத்துக்கொண்டிருந்தது.

6.31க்குப் புவனாவின் கைப்பேசி ஒளிர்ந்தது. என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'சேந்துட்டேன். லேட் இல்ல. லெட்டர கிழிச்சிட்டேன்.'

எழுப்பிச் சொல்லிவிடவா என்று கண்ணாலேயே கேட்டார். நான் பதில் சொல்லும் முன் அவரே கைப்பேசியைப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு மகளின் தலைக்கு வாகாகத் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.